நல்ல கிராக்கி உள்ள வேலை

சேப்டி, அதாவது தொழிற்சாலைப் பாதுகாப்பு, படித்துவிட்டு வேலை கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கோயம்புத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் படிப்புக்கு ஒரு போர்டு தொங்குகிறது. காந்திபுரத்தில் செல்போன் கடை மாடியில் ஒன்று, பேக்கரி மாடியில் ஒன்று. ஒரு வருடம் படித்து, மஞ்சள் ஹெல்மெட் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஃபைலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மாடிகளில் யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. விபத்து நடக்காத கம்பெனியில் 'இவன் எதற்கு?' என்பார்கள். நடந்த கம்பெனியில் 'இவன் இருந்து என்ன கிழித்தான்?' என்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவர்கள் சம்பளம் வாங்க வேண்டும்.

நான் தம்பிதுரை. சூலூரிலிருந்து கருமத்தம்பட்டி போகிற வழியில் ஒரு ஸ்டாம்பிங் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். பம்புசெட் மோட்டாருக்குள் மெல்லிய இரும்புத் தகடு அடுக்கடுக்காக இருக்குமே, அதைப் பவர் பிரஸ்ஸில் அடித்து எடுக்கிற கம்பெனி. ஆளை எடுப்பதும் ஆளை அனுப்புவதும் என் வேலை. இரண்டையும் சிரித்த முகத்தோடு செய்வேன். எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதானாலும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லித்தான் தள்ள வேண்டும்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் சென்னியம்மாள் என்று ஒரு ஆபரேட்டர் இருந்தாள். முதலாளி அரங்கசாமி ஒரே ஒரு பிரஸ்ஸை வைத்துக்கொண்டு தகரக் கொட்டகையில் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள், லோகப்பிரியா. அந்தப் பெண்தான் மேலே சொன்ன மாடிகளில் ஒன்றில் சேப்டி டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வது தப்பு. அலைந்தாள். ஃபவுண்டரிக்காரர்கள் 'பொம்பளப் புள்ள, உருக்கு ஊத்தற இடத்துல நிப்பியா?' என்று சிரித்தார்கள். மில்காரர்கள் ஆண்தான் வேண்டும் என்றார்கள். கட்டிடம் கட்டுகிற இடத்தில் ஒரு பச்சைக் கோட்டும் விசிலும் கொடுத்து லாரிக்கு வழி காட்டச் சொன்னார்கள். என்னிடமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, போன் பண்ணுகிறேன் என்று அனுப்பினேன்.

"ஏனுங் சார், எம்பொண்ணுக்கு நம்ம கம்பெனிலயே ஏதாச்சும் பாத்துக் குடுங்க. படிச்சுப்போட்டு ஊட்டுல கெடக்குது" என்பாள் சென்னியம்மாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

"பாத்துக்கலாமுங்கக்கா. காலியாகட்டும்" என்பேன்.

காலியாக ஒன்றும் இல்லை. சேப்டி ஆபீசர் என்ற போர்டில் முதலாளியின் அக்கா மகன் ரவிதேஜாவின் பெயர் இருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜரும் அவன்தான். ஆனால் இதையெல்லாம் சென்னியம்மாளிடம் நான் சொல்லவில்லை. மகளுக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவள் எந்த ஷிப்டையும் மறுத்ததில்லை, எந்த ஓவர்டைமையும் தட்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

போன வருடம் ஜெர்மனிக்காரன் ஒருவன் பெரிய ஆர்டரோடு வந்தான். வந்தவன் ஒரு நிபந்தனை போட்டான். புரொடக்‌ஷனைப் பார்க்கிறவனே சேப்டியையும் பார்க்கக் கூடாது, தனி ஆள் வேண்டும், படித்த ஆள் வேண்டும், பெண்ணாக இருந்தால் இன்னும் சந்தோஷம். முதலாளிக்கு அன்றைக்கே ஒரு பெண் சேப்டி ஆபீசர் தேவைப்பட்டுவிட்டாள். எனக்கு லோகப்பிரியாவின் ஃபைல் ஞாபகம் வந்தது. சம்பளம் அதிகம் கேட்க மாட்டாள், அம்மா நம் கையில் இருக்கிறாள். இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்?

ஆனால் முதலாளி எதையும் நல்ல நாள் பார்த்துத்தான் செய்வார். ஆயுத பூஜை முடியட்டும், அந்தப் பெண்ணை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் லோகப்பிரியாவுக்குப் போன் போட்டேன்.

"பூஜைக்கு அம்மாகூட வந்துரு கண்ணு. முதலாளி அன்னிக்கு நல்ல மனசோட இருப்பாரு. பாத்துப் பேசி முடிச்சரலாம். வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோ, தெரியுதா?"

"சரிங் சார்" என்றாள். குரலிலேயே அழுகை தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகிற பெண்களை வேலைக்கு எடுப்பது சுலபம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது பிரஸ் எது வந்தாலும் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் முதல் அடி அடிப்போம். அதை அடிப்பவள் சென்னியம்மாள். கொட்டகைக் காலத்தில் அவள் அடித்த முதல் சரக்குக்குப் பிறகுதான் ஆர்டர் கொட்டியது என்று முதலாளி நம்புகிறார். கைராசிக்காரி என்பார். அவள் அடித்த முதல் பீஸை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். மற்ற நாட்களில் பிரஸ்ஸுக்குள்ளிருந்து பீஸை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். சாமிக்கு வைப்பதை மட்டும் அவள் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த இடுக்கியால் தொட மாட்டாள். கையை விட்டுத்தான் எடுப்பாள். பூஜை என்பதால் காலில் ஷூவும் இருக்காது. இதையெல்லாம் யாரும் தப்பென்று நினைத்ததில்லை. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்போம்.

அந்த வருடம் வந்திருந்தது பெரிய பிரஸ். அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் கம்பம் மாதிரி இரண்டு சென்சார். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இரண்டுக்கும் நடுவே திரை மாதிரி ஓடும், கர்ட்டன் என்பார்கள். கை குறுக்கே போனால் பிரஸ் அப்படியே நின்றுவிடும். அது வேண்டாம் என்றால் முடக்கி வைப்பதற்கு ஒரு சாவியும் உண்டு.

பையன்கள் அந்தக் கம்பங்கள் இரண்டிலும் வாழைக்கன்று கட்டி, நடுவில் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிரஸ் முழுக்கச் சந்தனம், குங்குமம். தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். முதலாளி கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, "சென்னியம்மா, வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். தகட்டை வைத்து, சாமி கும்பிட்டு, பெடலை மிதித்தாள். பிரஸ் அசையவில்லை.

மாலையும் வாழை இலையும் ஒளியை மறைத்துக்கொண்டிருந்தன. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளில் முதல் அடியே விழவில்லை என்றால் அவருக்கு அந்த வருடம் முழுக்கத் தூக்கம் வராது.

"மாலையை எடுத்தரலாமுங்களா?" என்றான் ஒரு பையன்.

"சாமிக்குப் போட்ட மாலையை எடுக்கறதா? மூளை இருக்குதா உனக்கு?" என்று அவனை அதட்டிவிட்டு, ரவிதேஜா சாவியைத் திருகினான். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த லோகப்பிரியா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "சார், அந்தச் சாவியைத் திருப்பிட்டா கர்ட்டன் வேலை செய்யாதுங் சார். அம்மா கையை உள்ள விட்டுத்தான் எடுக்கும். வேண்டான்னு சொல்லுங் சார்."

எனக்குக் கோபம் வந்தது. முதலாளி காது கேட்கும் தூரத்தில் நிற்கிறார். இவளுக்காக நான் எவ்வளவு பேசி வைத்திருக்கிறேன்! "இன்னிக்கு நீ விருந்துக்கு வந்த ஒறம்பரை, கண்ணு. பொரி கடலை சாப்பிட்டுப் போட்டுப் போ" என்று சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். "ஆபீசரா வந்ததுக்குப் பொறவு சொல்லு, எல்லாருங் கேக்கறோம். இப்ப வாயைத் தொறந்தீன்னா அந்த ஆபீசரு வேலையே கெடையாது."

அவள் அம்மாவைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். பிறகு என் சட்டையை விட்டுவிட்டாள்.

சென்னியம்மாள் மறுபடி பெடலை மிதித்தாள். பிரஸ் 'தடக்' என்று இறங்கி ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முதல் பீஸை எடுக்க வலது கையை உள்ளே விட்டாள். பழைய பிரஸ்ஸில் பெடல் கனமாக இருக்கும், அழுத்தி மிதித்தால்தான் இறங்கும். இது பூ மாதிரி. மஞ்சள் தண்ணீரில் நனைந்த வெறுங்கால் பெடல் மேலேயே இருந்தது, கொஞ்சம் வழுக்கியது. பிரஸ் இன்னொரு முறை இறங்கியது.

கைதட்டல் நிற்கச் சற்று நேரமாயிற்று, பின்னால் நின்றவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. அவள் கத்தவே இல்லை. கத்தியது லோகப்பிரியாதான்.

அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முதலாளி செலவெல்லாம் தன்னுடையது என்றார். உண்மையிலேயே அழுதார். கைராசிக்காரியின் கை அவருக்கும் ஒரு நஷ்டம்தான். ஆனால் அழுது முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிதுரை, ரவி பேரு எங்கயும் வரக்கூடாது. அந்தப் புள்ளைக்கு நாளைக்கே வேலை ஆர்டர் குடுத்துருங்க. ரிப்போர்ட்டை அந்தப் புள்ளையே எழுதட்டும்" என்றார்.

நான் இத்தனை வருடம் பார்த்த வேலையில் இதைவிட நேர்த்தியான யோசனையை யாரும் சொன்னதில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்த ஆள், படித்த ஆள், அடிபட்டவளின் சொந்த மகள். அவள் எழுதினால் யார் மறுத்துப் பேச முடியும்?

வராந்தாவில் அவளை உட்கார வைத்துப் பேசினேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"கண்ணு, நடந்தது நடந்து போச்சு. உனக்கு வேலை ரெடி. சேப்டி ஆபீசர். அம்மாவை இனி நீதான பாக்கணும்? முதல் வேலையா இந்த ரிப்போர்ட்டை எழுதிக் குடுத்துரு. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ஒரு வரி போதும்."

"சாவியைத் திருப்புனது யாருன்னு எழுத வேண்டாமுங்களா?"

"எந்தச் சாவி?" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கண்ணைத் திருப்பினால் பேச்சு கையை விட்டுப் போய்விடும். கடைசியில் அவள் எழுந்து அம்மாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

சென்னியம்மாள் மயக்கம் தெளிந்து படுத்திருந்தாள். மகள் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எழுது கண்ணு" என்றாள். "நாந்தான் பராக்குப் பாத்துப்போட்டேன்னு எழுதிக்கோ. எழுதலீன்னா கை மொளைக்கவா போகுது? கெடைக்கற வேலையை உட்டறாதே. சாரு எத்தன நாளா உனக்காவ மெனக்கெட்டிருக்காரு."

அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

நான் ஒரு வரி கேட்டேன். லோகப்பிரியா ஒரு பக்கம் எழுதினாள். ஆபரேட்டர் இடுக்கியைப் பயன்படுத்தவில்லை. ஷூ அணியவில்லை. கால் ஈரமாக இருந்தது. கை உள்ளே இருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பல வருட அனுபவம் இருந்தும் விதிகளைப் பின்பற்றவில்லை. அத்தனையும் உண்மை. ஒரு பொய்யான வார்த்தை அதில் கிடையாது. சாவி என்ற சொல்லும் கிடையாது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் படித்தார், தலையாட்டினார், போய்விட்டார். ஆடிட்டுக்கு வந்த ஜெர்மனிக்காரன் படித்துவிட்டு, இவ்வளவு நேர்மையாக எழுதிய ரிப்போர்ட்டை இந்தியாவில் பார்த்ததே இல்லை என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆர்டர் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்துக் கம்பெனியே நடுங்கியது. ஷூ போடாத பையனை கேட்டிலேயே திருப்பி அனுப்பினாள். செயின் போட்டுக்கொண்டு வந்த ஆபரேட்டரை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தாள். சாவியைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுகிற வழியெல்லாம் தரையில் மஞ்சள் கோடு போட்டு, நடக்கிறவர்கள் அதற்குள்தான் நடக்க வேண்டும் என்றாள். ரவிதேஜா அவள் வருகிறாள் என்றால் வேறு வழியாகப் போனான். யாரிடமும் சிரிப்பதில்லை. என்னிடம் 'சார்' என்பாள், வேலையைச் சொல்வாள், போய்விடுவாள். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு மில்லும், குறிச்சியிலிருந்து ஒரு ஃபவுண்டரியும் இரண்டு மடங்கு சம்பளம் தருகிறோம் என்று அவளைக் கூப்பிட்டன. ஒரு காலத்தில் உருக்கு ஊற்றுகிற இடத்தில் நிற்பாயா என்று சிரித்த அதே ஃபவுண்டரிதான்.

தை பிறந்த பிறகு ஒருநாள் சென்னியம்மாள் என் அறைக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். முந்தானையால் வலது பக்கத்தை மூடியிருந்தாள்.

"ஊட்டுல ஒருத்தியாவே கெடக்க முடியலீங் சார். பொண்ணு விடியறதுக்குள்ள கெளம்பி இங்க வந்துருது. தலை பின்னிக்கக்கூட ஒராளு வேணுங்க எனக்கு. பைத்தியம் புடிச்சுரும்போல இருக்குது. கேண்டீன்ல ஏதாச்சும் குடுங்க. மேசை தொடைக்கறேன், தட்டு எடுக்கறேன். நாலு மனுச முகத்தைப் பாத்துட்டிருந்தாப் போதுமுங்க."

எனக்கு மனது இளகிவிட்டது. கேண்டீனில் இடம் இருந்தது. பாவம், போனால் போகட்டும் என்று தோன்றியது. இதையாவது செய்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றும் தோன்றியது. ஆனால் இப்போது யார் உள்ளே வேலைக்கு வருவதானாலும் சேப்டி ஆபீசர் கையெழுத்து வேண்டும். அது லோகப்பிரியா போட்ட விதி. கூப்பிட்டு அனுப்பினேன்.

ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். சென்னியம்மாள் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். மகள் அதைப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கேண்டீனுக்குப் போலாமுங்க" என்றாள் அம்மாவிடம். மற்ற ஆட்களிடம் பேசுகிற அதே குரல்.

மூவரும் போனோம். ஒரு சாம்பார் குண்டாவைக் காட்டி, "இதைத் தூக்குங்க" என்றாள். சென்னியம்மாள் முந்தானையை விலக்கி, கையில்லாத பக்கத்தை முட்டுக் கொடுத்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"சூடா இருந்தா?" என்றாள் லோகப்பிரியா.

சென்னியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்ஃபிட்டுங் சார்" என்றாள் என்னிடம் திரும்பி.

"உங்கம்மா கண்ணு!" என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "மேசைதான தொடைக்கப் போறாங்க? உனக்கு மனசாட்சியே இல்லியா?"

"ஈரத் தரைங் சார். வழுக்குனா ஊனிக்க ஒரு கைதான் இருக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா ரிப்போர்ட்டு நாந்தான் எழுதணும். ஒருதடவை எழுதிப்போட்டேன். மறுக்காவும் எங்கம்மாதான் தப்புன்னு எழுத என்னால ஆகாதுங்க."

"நான் முதலாளிகிட்டச் சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"தாராளமாச் சேத்துக்குங் சார். சேப்டி வேண்டான்னு சொல்லியும் என்ற பொறுப்புல சேத்தறேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "ஒரு வரி போதுமுங்க."

அந்தப் பேனாவை நான் வாங்கவில்லை. சமையல்காரர் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். நான் சென்னியம்மாள் பக்கம் திரும்பி, "அக்கா, பாப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்குதுங்க. உங்க நல்லதுக்குத்தான். போயிட்டு வாங்க" என்றேன்.

சென்னியம்மாள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மகளுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, "ஏனுங் சார், இந்த வேலை அதுக்கு நெலச்சுக்குமுங்களா? பொம்பளப் புள்ளன்னு நாளைக்கு நிறுத்திப்போட மாட்டீங்களே?" என்றாள்.

"யாரும் நிறுத்த முடியாதுங்கக்கா. வெளிய ரெண்டு கம்பெனி கூப்பிட்டுட்டே இருக்குது. நல்லா மேல வரும்" என்றேன். அது உண்மை.

"அப்பச் சரிங்க. என்ற கை வீணாப் போகலீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் என்னதான் குரலைத் தாழ்த்தினாலும் அந்தக் கேண்டீனில் எல்லாம் கேட்கும். லோகப்பிரியாவுக்கும் கேட்டிருக்கும். அவள் வாசல் வரைக்கும் போய் நின்றாள். ஓடிப்போய்க் கூப்பிடுவாள் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

"அம்மா!" என்று கத்தினாள். சென்னியம்மாள் திரும்பினாள்.

"மஞ்சக் கோட்டுக்குள்ளயே நடந்து போங்க. ஃபோர்க்லிஃப்ட் வருது."